டோர் ஃபோல்டரில் எதை அழிக்கலாம், எதை விட்டுவைக்க வேண்டும்

நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர் பக்கம், யார் எந்தத் தளத்தைப் பார்க்கிறார் என்பதை மறைத்துத் தருகிற டோர் உலாவியைப் பயன்படுத்துகிறவர்களிடம் ஒரு பழக்கம் பரவியிருக்கிறது. இணைப்பு கொஞ்சம் தடுமாறினால் போதும், அதன் ஃபோல்டரைத் திறந்து உள்ளே இருக்கிற தரவுக் கோப்புகளை மொத்தமாக அழித்துவிடுகிறார்கள். "எதுவும் தேங்கக் கூடாதுங்க, சுத்தமா இருந்தாத்தான் பாதுகாப்பு" என்று காரணமும் சொல்கிறார்கள். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதும் லினக்ஸ் சொல்லிக்கொடுப்பதும் என் தொழில் என்பதால் இந்தப் பேச்சு என் காதில் அடிக்கடி விழுகிறது. எண்ணம் நல்லதுதான். ஆனால் அப்படி அழிக்கும்போது போய்விடுகிற கோப்புகளில் ஒன்று, அவர்களைப் பிறர் கண்ணிலிருந்து இத்தனை நாளும் காப்பாற்றிக்கொண்டிருந்த கோப்பு.

டோர் எழுதி வைக்கிற கோப்புகள் எல்லாம் ஒரே ரகம் இல்லை. பெரும்பாலானவை வலையிலிருந்து எப்போது வேண்டுமானாலும் மறுபடி இறக்கிக்கொள்ளக்கூடியவை. சில, உங்கள் கணினி மட்டுமே பழகிப் பழகிச் சேர்த்துவைத்தவை. மிகச் சிலவோ, போனால் யாராலும் திருப்பித் தர முடியாதவை. எந்தக் கோப்பு எந்த ரகம் என்று தெரிந்துகொண்டால் அழிக்கிற கையும் பாதுகாக்கிற கையும் சரியான இடத்துக்குப் போகும்.

டோர் பற்றிப் புதிதாகக் கேள்விப்படுகிறவர்களுக்குச் சுருக்கமாக: 1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பிறந்த யோசனை இது. 2002இல் வலையமைப்பு இயங்கத் தொடங்கியது; 2006 முதல் டோர் புராஜெக்ட் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு இதை நடத்துகிறது. நீங்கள் ஒரு தளத்தைத் திறந்தால், அந்தக் கோரிக்கை உலகம் முழுவதும் தன்னார்வலர்கள் நடத்துகிற ரிலேக்களில் (தகவலைக் கைமாற்றிவிடும் கணினிகள்) மூன்றின் வழியாகப் போகிறது. முதல் ரிலேவுக்கு நீங்கள் யார் என்று தெரியும், எங்கே போகிறீர்கள் என்று தெரியாது. கடைசி ரிலேவுக்கு எங்கே போகிறீர்கள் என்று தெரியும், யார் என்று தெரியாது.

பெருநகரத்தில் இருப்பவர்களை விட மலைமேல் இருக்கிற நமக்கு இது கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பது என் கருத்து. இங்கே ஒருகாலத்தில் கேபிள் டிவி கொடுத்தவர்களே இன்று ஃபைபர் இணைப்பும் கொடுக்கிறார்கள். ஒயர் இழுக்க வருகிற தம்பிக்கு நம் வீடும் தெரியும், நம் மாமா வீடும் தெரியும். ஒரு எஸ்டேட்டில் கூலி பாக்கி பற்றிப் புகார் அனுப்ப நினைக்கிறவருக்கோ, உடம்புக்கு வந்த ஒரு நோயைப் பற்றி யாருக்கும் தெரியாமல் படிக்க நினைக்கிற பெண்ணுக்கோ, டெல்லியில் இருக்கிற உளவுத்துறையை விட அடுத்த தெருக்காரர் மேல்தான் பயம் அதிகம்.

அதே காரணத்தால் இங்கே ஆபத்தும் அதிகம். ஒரு ஹட்டிக்கு, அதாவது மலைக் கிராமத்துக்கு, இணைப்பு கொடுக்கிறவரின் வலையில் டோர் பயன்படுத்துகிறவர் ஒரே ஒருவர் என்றால், அவர் என்ன பார்க்கிறார் என்பது தெரியாவிட்டாலும், அவர் டோர் பயன்படுத்துகிறார் என்பது தெரிந்துவிடும். 2013இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தேர்வைத் தள்ளிப்போட ஒரு மாணவர் டோர் வழியாக வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் அனுப்பினார். டோரை யாரும் உடைக்கவில்லை. அந்த நேரத்தில் வளாகத்தின் வைஃபையில் டோரோடு இணைந்திருந்தவர்கள் யார் என்று பார்த்துத்தான் அவரைக் கண்டுபிடித்தார்கள். அவர் செய்தது குற்றம், பிடிபட்டது நியாயம். ஆனால் அந்தக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தும்: கூட்டம் சிறியதாக இருந்தால் முகம் தெரிந்துவிடும்.

சரி, ஃபோல்டருக்குள் போவோம். டோர் உலாவியில் இது 'டேட்டா' என்ற கோப்புறைக்குள் 'டோர்' என்ற பெயரில் இருக்கும். டெபியன், உபுண்டு மாதிரியான லினக்ஸில் டோரைத் தனியாக நிறுவியிருந்தால் 'வார்' கோப்புறைக்குள் 'லிப்', அதற்குள் 'டோர்'.

உள்ளே பெரிதாக இடம் பிடித்திருப்பவை 'கேச்டு' என்று தொடங்குகிற கோப்புகள். ரிலேக்களின் பட்டியல் இவற்றில்தான் இருக்கிறது. டோர் வலையமைப்பில் டைரக்டரி அதாரிட்டி எனப்படும் ஒன்பது நம்பகமான சர்வர்கள் இருக்கின்றன. அவை மணிக்கொரு முறை வாக்களித்து, எந்தெந்த ரிலேக்கள் உயிரோடு இருக்கின்றன, எவற்றை நம்பலாம் என்று ஒரே பட்டியலாக ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகின்றன. அதற்கு கன்சென்சஸ் என்று பெயர். ஒன்பதில் பாதிக்கு மேல் கையெழுத்து இல்லாத பட்டியலை உங்கள் டோர் ஏற்காது. அந்தக் கையெழுத்துகளைச் சரிபார்க்கத் தேவையான சான்றிதழ்கள் 'கேச்டு-செர்ட்ஸ்' கோப்பில் இருக்கின்றன. ஒவ்வொரு ரிலேயின் சாவி முதலான விவரங்கள் 'கேச்டு-மைக்ரோடெஸ்க்ஸ்' கோப்பில். இவற்றையெல்லாம் தாராளமாக அழிக்கலாம். அடுத்த முறை டோர் திறக்கும்போது மறுபடி இறங்கிக்கொள்ளும். நஷ்டம் சில எம்பி டேட்டாவும் கொஞ்ச நேரமும். ஒரு புள்ளி சிக்னலில் மொபைல் டேட்டாவை வைத்து ஓட்டுகிறவருக்கு அதுவே பெரிய விஷயம் என்பதால், காரணம் இல்லாமல் அழிக்காமல் இருப்பது நல்லது.

இந்தப் பட்டியலுக்கு ஆயுள் குறைவு. எத்தனை மணிக்கு அமலுக்கு வந்தது, எத்தனை மணி வரை செல்லும் என்று அதன் தலைப்பிலேயே எழுதியிருக்கும். இடைவெளி மூன்று மணி நேரம்தான். ஆகவே டோருக்குச் சரியான கடிகாரம் தேவை. நம் மலையில் டோர் இணையாமல் நிற்பதற்கு நான் பார்த்த காரணங்களில் முதல் இடம் இதற்குத்தான்.

தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், பந்தலூர் பக்கமும், வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரி பக்கமும் மரம் விழுந்து கரண்ட் போவது வழக்கம். பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டு மேல் இருக்கிற வட்டமான பட்டன் செல் தீர்ந்துபோயிருந்தால், கரண்ட் போய் வந்ததும் கணினியின் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். கல்லூரியில் படிக்கிற ஒரு பெண் அப்படியொரு கணினியோடு வந்தார். "அண்ணா, டோர் கனெக்ட்டே ஆக மாட்டேங்குது. ஃபோல்டரையே அழிச்சுட்டு மறுபடி போட்டும் அப்படியேதான் நிக்குது." திரையின் மூலையில் தேதி 2015ஐக் காட்டிக்கொண்டிருந்தது. டோர் தான் செய்வதையெல்லாம் குறித்துவைக்கிற பதிவைத் திறந்தால் கடிகாரம் தவறு என்று அதுவே தெளிவாக எழுதி வைத்திருந்தது. பட்டன் செல்லை மாற்றி, தேதியைத் திருத்தியதும் இணைந்துவிட்டது. அவர் அழித்த கோப்புகளுக்கும் பிரச்சினைக்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டு மணியைச் சரியாக வைத்திருப்பார்கள், ஆனால் நேர மண்டலம் அமெரிக்காவில் இருக்கும். டோர் பார்ப்பது உலகப் பொது நேரத்தை. நம் நேரம் அதை விட ஐந்தரை மணி நேரம் முன்னால். மண்டலம் தவறென்றால் பார்வைக்கு மணி சரியாக இருந்தாலும் டோரின் கணக்கில் அரை நாள் பிசகும். ஒரு நாளுக்குள்ளான பிசகை இப்போதைய டோர் ஓரளவு பொறுத்துக்கொள்கிறது. ஆனால் டோருக்குள்ளேயே மட்டும் திறக்கிற ஆனியன் தளங்கள் அப்போதும் திறக்க மறுக்கலாம்.

இனி 'ஸ்டேட்' என்ற கோப்பு. இதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே.

நோட்பேடில் திறந்து படிக்கக்கூடிய சின்னக் கோப்பு அது. 'கார்டு' என்று தொடங்கும் வரிகள் இருபது வாக்கில் இருக்கும். ஒவ்வொரு வரியிலும் ஒரு ரிலேயின் 40 எழுத்து அடையாளம், அதை நடத்துகிறவர் வைத்த செல்லப்பெயர், அதைப் பட்டியலில் சேர்த்த தேதி. அந்த வரிகளில் ஒரு சிலவற்றில் மட்டும் 'கன்ஃபர்ம்டு' என்ற சொல்லும் இன்னொரு தேதியும் கூடுதலாக இருக்கும். அவைதான் நீங்கள் உண்மையில் பயன்படுத்திய முதல் ரிலேக்கள். மற்றவை, தேவைப்பட்டால் என்று எடுத்து வைத்தவை. இந்தப் பட்டியலில் இருக்கிற எல்லாவற்றையும் காவல் ரிலே என்று சொல்லலாம்.

இரண்டாவது, மூன்றாவது ரிலேக்களை டோர் அடிக்கடி மாற்றுகிறது. முதல் ரிலேயை மட்டும் மாதக்கணக்கில் பிடித்துவைத்துக்கொள்கிறது. பலருக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. மறைந்து போக வேண்டுமென்றால் தினமும் மாற வேண்டாமா என்று கேட்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் முதல் ரிலேயும் கடைசி ரிலேயும் ஒரே ஆளின் கையில் இருந்தால், இரு முனைகளிலும் தரவுத் துண்டுகள் போகிற நேரத்தை ஒப்பிட்டு உங்களை அவர் அடையாளம் கண்டுவிட முடியும். டோரால் முழுமையாகத் தடுக்க முடியாத தாக்குதல் இது. காவல் ரிலேக்களில் பத்தில் ஒன்று கெட்டவர் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு முறை தேர்ந்தெடுத்தால் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு 10 சதவீதம். மீதி 90 சதவீதம் நீங்கள் தப்பித்தீர்கள், அந்த ரிலேயோடு இருக்கும் வரை முதல் முனையில் அவரிடம் சிக்க மாட்டீர்கள். வாராவாரம் ஃபோல்டரை அழித்து, இப்படி 20 முறை புதிதாகத் தேர்ந்தெடுத்தால்? ஒரு முறையாவது கெட்ட ரிலே உங்கள் பங்குக்கு வரும் வாய்ப்பு 88 சதவீதத்துக்குப் போய்விடுகிறது. கல்லட்டி மலைச்சாலை இறக்கத்தில் தினமும் முன்பின் தெரியாத ஒரு டிரைவரோடு இறங்குவது மாதிரிதான் அது. ஒவ்வொரு நாளும் புதிதாக ஒரு சீட்டு எடுக்கிறீர்கள்.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. 2006இல் லாஸ்ஸே ஓவர்லியர், பால் சிவர்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரே ஒரு ரிலேயை வைத்துக்கொண்டு, உண்மையான டோர் வலையமைப்பில் மறைந்திருந்த தங்கள் சொந்தச் சோதனை சர்வரைச் சில மணி நேரத்துக்குள் கண்டுபிடித்துக் காட்டினார்கள். அந்த சர்வர் ஒவ்வொரு முறையும் புதுப்புது முதல் ரிலே தேர்ந்தெடுத்ததால் என்றாவது அவர்கள் ரிலேயிலேயே வந்து விழுந்தது. அதன் பிறகுதான் நிலையான காவல் ரிலே டோருக்குள் வந்தது. பின்னாளில் அந்தக் காலத்தை இன்னும் நீட்டினார்கள். 'ஸ்டேட்' கோப்பை அழிக்கிறவர் 2006க்கு முந்தைய டோருக்குத் தானாகத் திரும்பிப் போகிறார்.

அந்தக் கோப்பை வடிவமைத்தவர்களின் கவனத்துக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். ரிலே வரிகளில் இருக்கிற தேதிகள் உண்மையான தேதிகள் இல்லை. வேண்டுமென்றே சில நாட்கள் பின்னுக்குத் தள்ளி, தாறுமாறாக்கி எழுதுகிறது டோர். கோப்பு வேறொருவர் கையில் சிக்கினாலும், இன்னார் இன்ன நாளில்தான் டோர் பயன்படுத்தத் தொடங்கினார் என்று அவர் அடித்துச் சொல்ல முடியாது.

'ஸ்டேட்' இன்னொரு வேலையும் செய்கிறது. மூன்று ரிலே கொண்ட ஒரு பாதையைக் கட்டி முடிக்க உங்கள் இணைப்பில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து எழுதி வைக்கிறது. சராசரியை விட ரொம்ப மெதுவான பாதைகளைக் கைவிட இந்த அளவுதான் ஆதாரம். புதிதாகத் தொடங்கும் டோர் ஒரு பாதைக்கு 60 விநாடி வரை காத்திருக்கும். 100 பாதை கட்டிப் பார்த்த பிறகுதான் தன் சொந்தக் கணக்குக்கு வரும். ஆகவே மலைமேல் மெதுவான இணைப்பில் இருக்கிறவர் "வேகம் இல்லை" என்று ஃபோல்டரை அழித்தால், அந்தக் கணக்குக்கு மறுபடி வரும் வரை வேகம் இன்னும் குறையலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒரே லேப்டாப்பை வீட்டிலும் கோவையிலும் பயன்படுத்தினால், இரண்டு இடத்திலிருந்தும் அது அதே காவல் ரிலேயோடு பேசும். இரு இடத்து இணைப்பையும் கவனிக்க முடிந்த ஒருவர், இது ஒரே ஆள் என்று ஊகிக்கலாம். அந்த அளவுக்குப் பயப்பட வேண்டிய நிலையில் இருப்பவருக்கு டெய்ல்ஸ் பொருத்தமாக இருக்கலாம். யுஎஸ்பியிலிருந்து ஓடி, அணைத்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடுகிற இயங்குதளம் அது. 2024இல் டோர் புராஜெக்ட்டோடு இணைந்துவிட்டது. காவல் ரிலேயையும் அது மறந்துவிடும் என்பதைத் தெரிந்தே பயன்படுத்த வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு 'ஸ்டேட்' கோப்பை அப்படியே விடுவதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது 'டோர்ஆர்சி'. டோருக்கு நாம் கட்டளை எழுதுகிற அமைப்புக் கோப்பு. லினக்ஸில் கூடவே வருகிற கோப்பைத் திறந்தால் பயமாக இருக்கும், ஆனால் ஏறக்குறைய எல்லா வரியும் '#' என்று தொடங்கும் வெறும் குறிப்புகள். கோப்பு காலியாக இருந்தாலும் டோர் ஓடும். உள்ளுக்குள் வைத்திருக்கிற இயல்பு அமைப்புகள் அவ்வளவு யோசித்து வைக்கப்பட்டவை. அதே சமயம், தனக்குத் தெரியாத கட்டளை ஒன்று எழுதியிருந்தால் கிளம்பவே கிளம்பாது. திருத்தியதும் டெர்மினலில் 'வெரிஃபை-கான்ஃபிக்' கட்டளை கொடுத்துச் சரிபார்ப்பது நல்லது.

வீடியோக்களைப் பார்த்து நம் பிள்ளைகள் அதிகம் சேர்க்கிற வரி 'எக்ஸிட்நோட்ஸ்'. கடைசி ரிலே இந்தியாவில் இருக்க வேண்டும் என்று எழுதினால் இந்திய முகவரி கிடைக்கும், அதனால் இங்குள்ள தளங்கள் தகராறு செய்யாமல் திறக்கும் என்பது நினைப்பு. ஆயிரக்கணக்கான ரிலேக்களில் கலந்து மறைந்திருந்தவர் ஒரு கைப்பிடி ரிலேக்களுக்குள் தன்னையே அடைத்துக்கொள்கிறார். அந்தச் சில ரிலேக்களைக் கவனித்தாலே போதும் என்றாகிவிடும். முதல் ரிலேயை நாடு பார்த்துக் குறிப்பிடுவதும் அப்படியே. கட்டாயம் இல்லாமல் இந்த வரிகளைத் தொடாதீர்கள்.

சிறிய ஊரில் உண்மையிலேயே தேவைப்படக்கூடிய வரி பிரிட்ஜ். பொதுப்பட்டியலில் இல்லாத முதல் ரிலே அது. அதோடு ஒப்ஃபஸ்4 மாதிரி ஒரு உருமாற்றியையும் சேர்த்தால், இணைப்பு தருகிறவருக்கு இது டோர் என்று எளிதில் தெரியாது. பிரிட்ஜ் வரியில் அதன் ஐபி முகவரி, அடையாளம், ஒரு சான்றிதழ் எல்லாம் இருக்கும். அது ரகசியமாக இருக்கும் வரைதான் அதற்கு மதிப்பு. ஆனால் இணைப்பு வரவில்லை என்று உதவி கேட்கிறவர்கள் டோர்ஆர்சியை, சில சமயம் ஃபோல்டரையே சுருக்கி, வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார்கள். பிரிட்ஜும் போய்விட்டது, 'ஸ்டேட்' வழியாகக் காவல் ரிலேக்களும் போய்விட்டன. உதவி கேட்கும்போது டோரின் பதிவை மட்டும் அனுப்பினால் போதும். அதில் நீங்கள் போகிற தள முகவரி போன்றவற்றை டோர் இயல்பாகவே மறைத்துத்தான் எழுதும். அனுப்பும் முன் ஒரு முறை படித்துப் பார்த்துவிடுங்கள்.

யாரும் கவனிக்காத ஒன்று: அமைப்பைச் சேமிக்கச் சொல்லி வேறொரு நிரல் டோருக்குக் கட்டளை கொடுத்தால், டோர் புதிய கோப்பு எழுதி, பழையதை 'டோர்ஆர்சி.ஆரிக்.1' என்று பெயர் மாற்றி அதே இடத்தில் விட்டுவைக்கும். நீக்கிவிட்டதாக நினைத்த பழைய பிரிட்ஜ் வரி அதில் இருக்கலாம். உலாவியின் அமைப்புப் பக்கத்தில் சேர்த்த பிரிட்ஜ் அதன் 'ப்ரெஃப்ஸ்' கோப்பிலும் பதிந்திருக்கும். கணினியை விற்கும் முன் பார்க்க வேண்டிய இடங்கள் இவை.

சின்னச் சின்னக் கோப்புகளைச் சீக்கிரம் கடந்துவிடலாம். 'லாக்', ஒரே ஃபோல்டரை இரண்டு டோர் ஒரே நேரத்தில் தொடாமல் தடுக்கிறது. கரண்ட் போனபின் அது அங்கேயே கிடந்தாலும் தொல்லை இல்லை, பூட்டு உண்மையில் இயங்குதளத்தின் கையில். 'ஜியோஐபி' கோப்புகள் எந்த முகவரி எந்த நாடு என்று சொல்லும் பொதுத் தகவல். 'கன்ட்ரோல்-ஆத்-குக்கீ' 32 பைட் கொண்ட தற்காலிகக் கடவுச்சொல்.

கடைசியாகச் சாவிகள். டோரில் பார்வையாளராக மட்டும் இருக்கிறவருக்கு இது பொருந்தாது. ஆனியன் தளம் நடத்துகிறவருக்கு இதுதான் உயிர். தளத்துக்கான கோப்புறையில் 'ஹோஸ்ட்நேம்' என்ற கோப்பில் 56 எழுத்து முகவரி இருக்கும். பக்கத்திலேயே ரகசியச் சாவிக் கோப்பு, 96 பைட். முகவரி அந்தச் சாவியிலிருந்தே கணக்கிடப்படுகிறது. பதிவு செய்கிற அலுவலகம் கிடையாது, மீட்டுத் தருகிற ஆளும் கிடையாது. சாவி போனால் முகவரி போயிற்று. சாவியை வேறொருவர் நகலெடுத்தால் உங்கள் பெயரில் அவர் தளம் நடத்தலாம். இதற்கு முன் இருந்த 16 எழுத்து முகவரிகளை 2021இல் டோர் அடியோடு நிறுத்தியபோது, அவற்றை வைத்திருந்தவர்கள் எல்லோரும் புது முகவரிக்கு மாற வேண்டியிருந்தது. இதைக் காப்பி எடுத்து வைக்கும்போது பூட்டிய, மறைகுறியாக்கிய யுஎஸ்பியில் வையுங்கள். திருப்பிப் போடும்போது கோப்புறையின் உரிமையாளரும் அனுமதியும் பழையபடி இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறர் படிக்கும்படி திறந்து கிடந்தால் டோர் அதை ஏற்க மறுக்கும்.

ரிலே நடத்த ஆசைப்படும் இளைஞர்களும் இங்கே இருக்கிறார்கள், மனதுக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. ரிலேயின் அடையாளச் சாவிகள் 'கீஸ்' கோப்புறையில் இருக்கின்றன. ராஸ்பெர்ரி பை என்கிற சின்னக் கணினியில் மெமரி கார்டு போட்டு ஓட்டினால் நம் ஊர்க் கரண்டுக்கு அந்தக் கார்டு என்றைக்காவது கெடும். சாவிக்கு நகல் இல்லையென்றால் அதே இயந்திரம் புதிய ரிலேயாகத் தொடங்க வேண்டும். வலையமைப்பு ஒரு ரிலேயை அளந்து, நம்பி, முழுச் சுமையும் கொடுக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அத்தனையும் பூஜ்ஜியத்திலிருந்து. சின்ன யுபிஎஸ் ஒன்றும், 'கீஸ்' கோப்புறையின் நகல் ஒன்றும் இருந்தால் இந்த இழப்பு இல்லை. பல வீட்டு இணைப்புகளில் ஒரே பொது முகவரியை நிறையப் பேருக்குப் பகிர்ந்து கொடுப்பதால் வெளியிலிருந்து ரிலேவை அடைய முடியாது. அவர்கள் ஸ்னோஃப்ளேக் நீட்சியை உலாவியில் போட்டாலே தடை உள்ள நாடுகளில் இருப்பவர்களுக்கு உதவலாம். அதற்குப் பாதுகாக்க வேண்டிய சாவி எதுவும் இல்லை. கடைசி ரிலேயை மட்டும் வீட்டு இணைப்பில் நடத்தாதீர்கள், பிறர் செய்ததற்கெல்லாம் உங்கள் முகவரிதான் முன்னால் நிற்கும்.

டோரை ரஸ்ட் என்ற நிரல் மொழியில் புதிதாக எழுதிவருகிறார்கள். ஆர்டி என்று பெயர், 2022இல் 1.0 பதிப்பு வந்தது. இந்தக் குழப்பத்துக்கு அதில் நல்ல விடை கிடைத்திருக்கிறது. லினக்ஸில் அது எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டுவதில்லை. அமைப்புக் கோப்பு பயனரின் 'கான்ஃபிக்' கோப்புறையில், ரிலே பட்டியல்கள் 'கேச்' கோப்புறையில், காவல் ரிலேக்கள் போன்ற நினைவில் வைக்க வேண்டியவை 'லோக்கல்' கோப்புறைக்குள் 'ஷேர்' என்ற இடத்தில். 'கேச்' கோப்புறையை அழித்தாலும் காவல் ரிலேக்கள் அப்படியே இருக்கும். பழைய டோரிலும் இதைக் கொண்டுவரலாம்: டோர்ஆர்சியில் 'கேச்டைரக்டரி' என்ற ஒரு வரி சேர்த்து வேறு இடத்தைக் காட்டினால் பட்டியல்கள் அங்கே போய்விடும், 'ஸ்டேட்' கோப்பும் சாவிகளும் மட்டும் பழைய இடத்தில் இருக்கும்.